நடுப்பங்குப் புல்

யம்ரோப்காரர்களுக்குக் கோபம் வந்தால் நாட்டை மாற்றிக்கொள்வார்கள். மற்ற ஊர்களில் பேச்சை நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் அடுப்பைப் பிரிப்பார்கள். இங்கே பானையையும் பன்றியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து நட்டுவிட்டுப் போன சிமெண்டுக் கல்லைத் தாண்டி, மேற்கே இந்தோனேசியாப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அந்தப் பக்கமும் இதே காடு, இதே மழை, இதே அட்டைதான். பெண் கொடுத்து எடுத்த சொந்தமெல்லாம் அங்கேயும் இருக்கிறது. கோபம் தணிந்தால் திரும்பி வருவார்கள். அங்கே சண்டை போட்டுக்கொண்டு பாப்புவா நியூகினிக்காரனாக இங்கே வந்து சேர்கிறவனும் உண்டு. இந்தப் போக்குவரத்தால் அந்தக் கல்லுக்கு ஒரு உபயோகம் இருந்தது. அதன் விளிம்பில் கத்தி தீட்டினால் நன்றாகக் கூர் ஏறும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் தீட்டித் தீட்டி ஒரு பக்கம் குழிந்தே போய்விட்டது.

பெர்பெத்துவாவின் தம்பி கொனாங் இப்படி நாடு மாறிப் போனது மழை பிடிக்கத் தொடங்கிய சமயத்தில். போகட்டும், பெண்டாட்டி ஊர்தானே என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். ஆனால் அவன் போன பிறகுதான், அவன் விட்டுப் போனது என்ன என்று ஊருக்கு உறைத்தது. விமானத் தளத்தின் நடுவில் அவனுடைய பங்குப் புல் முழங்காலுக்கு வளர்ந்து நின்றது.

அந்தத் தளம் தகப்பன்மார் காலத்தில் போட்டது. பாதிரியார் கேட்டார் என்று, ஆளாளுக்குத் தங்கள் தங்கள் காட்டில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார்கள். துண்டுகளைச் சேர்த்தால் குட்டி விமானம் ஒன்று இறங்குகிற அளவுக்கு நீளம் வந்தது. நிலம் கொடுத்தவன் அந்தந்தத் துண்டில் புல் வெட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் ஏற்பாடு. உப்பு, சோப்பு, மண்ணெண்ணெய், மருந்து, பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் ஆகாயத்திலிருந்துதான் ஊருக்குள் இறங்க வேண்டும். சக்கரம் தரையைத் தொடுகிற நடு இடம் பெர்பெத்துவாவின் அப்பாவுடையது. அவர் போன பிறகு கொனாங்குடையது.

அவன் கோபத்துக்குக் காரணம் ஒரு தொடைக் கறி. பெர்பெத்துவாவின் மகள் யூலித்தாவின் கல்யாணத்தில் பன்றி அடித்தார்கள். தாய்மாமனுக்குப் பின்னந்தொடை போக வேண்டும். இது கைக்குழந்தைக்கும் தெரிந்த முறை. யூலித்தாவின் அப்பா தியோமின் என்ன செய்தான்? மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு வந்த பைலட்டைக் கௌரவிக்கிறேன் என்று அந்தத் தொடையை வாழையிலையில் சுற்றி பைலட் கையில் கொடுத்துவிட்டான். கொனாங்குக்கு விலாப்பக்கம் வந்தது. அவன் அதை வாங்கி, எல்லாரும் பார்க்கத் தன் நாய்க்குப் போட்டான். மறுநாள் கல்லைத் தாண்டிவிட்டான்.

இதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது யூலித்தா, கட்டையும் ஓலையுமான தன் தாய் வீட்டில், இடுப்பு வலியோடு கிடக்கிறாள். மாப்பிள்ளை தூரத்தில் சுரங்க வேலையில் இருக்கிறான். மருந்துக் குடிசையைப் பார்த்துக்கொள்ளும் சிரிலஸ் விடிந்ததும் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தான். மறுபடியும் தடவிப் பார்த்தான். வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே பெர்பெத்துவாவிடம் சொன்னான்.

"பிள்ளை குறுக்க கெடக்குது அக்கா. திருப்பிப் பாத்தேன், வரல. ஆஸ்பத்திரியில அறுத்துத்தான் எடுக்கணும்."

"எப்ப வரைக்கும் தாங்குவா?"

"வலி இன்னும் விட்டு விட்டுத்தான் வருது. நாளைக்குக் காலையில பிளேன் வந்துட்டா பொழைச்சுக்குவா. அதுக்கு மேல என்னைக் கேக்காத."

"தூக்கிட்டுப் போனா?"

"எங்க தூக்கிட்டுப் போவ? ஆத்துல தண்ணி கரை புரளுது. கொடிப்பாலம் போன வாரமே போச்சு. கல்லுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குன்னா ரெண்டு நாள் நடை, அதுவும் நல்ல ஆளுக்கு."

பெர்பெத்துவா உள்ளே எட்டிப் பார்த்தாள். யூலித்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, வாயில் துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடாத பெண். சத்தம் போட்டிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது தாய்க்கு.

ரேடியோக் குடிசை தளத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஊருக்கு ரேடியோக்காரன் தியோமின். பெர்பெத்துவா போனபோது அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் அதே பைலட்தான்.

"நேத்தே மேல சுத்திப் பாத்துட்டுத்தானே திரும்பிப் போனேன்," என்றது ரேடியோ. "ரெண்டு முனையும் சுத்தமா இருக்கு. நடுவுல மட்டும் காடு மாதிரி நிக்குது. அதுல சக்கரம் மாட்டுனா நானும் செத்தேன், உங்க பொண்ணும் செத்தா. அதை வெட்டுங்க. நாளைக்கு மொத வேலையா உங்க ஊருக்குத்தான் வர்றேன்."

"வெட்டிடலாம், வெட்டிடலாம்," என்றான் தியோமின்.

"யார் பங்கு அது? அந்த ஆளை லைன்ல கூப்பிடுங்க, நானே சொல்றேன்."

தியோமின் தொண்டையைக் கனைத்தான். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் பெயரை இந்தப் பக்கத்து ஆண்பிள்ளை வாயால் சொல்ல மாட்டான். சொன்னால் பல் விழும் என்பார்கள். பல் விழாவிட்டாலும் மானம் விழும்.

"அது வந்து, என் வீட்டுக்காரியோட கூடப்பொறந்தவன் பங்கு."

"பேர் என்ன?"

"பேர் இருக்கு."

"இருக்கும்ல, அது என்னன்னுதான் கேக்கறேன்."

"நல்ல பேருதான்."

பெர்பெத்துவா எட்டி மைக்கைப் பிடுங்கினாள். "கொனாங். என் தம்பி கொனாங். அவன் இங்க இல்ல. நாளைக்கு நீ வா, புல்லு இருக்காது," என்று சொல்லி மைக்கைப் புருஷன் மடியில் போட்டாள். தன் முன்னால் அந்தப் பெயர் விழுந்ததே என்று தியோமின் தலையைக் குனிந்துகொண்டான்.

"மகள் அங்க கெடக்கா, நீங்க பேர் சொல்லக் கூச்சப்படுறீங்க."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல யூலித்தா அம்மா."

"அந்த முறை தொடையை எடுத்துப் பைலட்டுக்குக் குடுத்தப்ப எங்க போயிருந்துச்சு?"

தியோமின் ரேடியோவின் குமிழைத் திருகத் தொடங்கினான். மாதக்கணக்காக இந்தக் கேள்விக்கு அவன் எதையாவது திருகிக்கொண்டுதான் இருந்தான்.

அவள் தளத்துக்கு வந்தாள். தகரக் கொட்டகையின் கீழே அரை டஜன் ஆண்கள் பாக்கு மென்றுகொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் பங்கு சுத்தமாக இருந்தது. கிழக்கு முனைப் பங்குக்காரன் மாத்தியாஸ் தன் துண்டில் ஒரு இலை கூட இல்லாமல் பெருக்கி வைத்திருந்தான். நடுவில் புல் பூ விட்டு, மழையில் சாய்ந்து, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் கிடந்தது.

"இப்படி உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா புல்லு தானா படுத்துக்குமா?" என்றாள் பெர்பெத்துவா.

"எங்க பங்கை நாங்க வெட்டியாச்சு," என்றான் மாத்தியாஸ்.

"அவன் பங்கையும் சேத்து வெட்டினா கை தேஞ்சு போயிடுமா? எல்லாரும் சேந்தா ஒரு பாக்கு மெல்ற நேரம்."

"வெட்டலாம் தாயி. வெட்டினா என்ன அர்த்தம்? அடுத்தவன் மண்ணுல கத்தி வச்சா, மண்ணு எனதுன்னு சொல்றதாதானே அர்த்தம். உன் தம்பி வந்து வில்லை எடுத்தா நீ வந்து குறுக்க நிப்பியா?"

"அவன் எங்க வில்லை எடுக்கறான். அவனுக்கு வீம்பு புடிச்சுக்கவே நேரம் பத்தல."

"அது உனக்குத் தம்பி, நீ பேசலாம். பலாமரம் யாருதுன்னு வந்த சண்டையில மூணு வீடு எரிஞ்சது நானும் பாத்தவன்தான். உப்பில்லாம நாங்களும்தான் திங்கறோம், வெட்டுனமா? அவனையே கூட்டிட்டு வா. இல்ல, வெட்டிக்கங்கன்னு அவன் வாயால ஒரு வார்த்தை வாங்கிட்டு வா. இந்த நிமிஷம் எறங்கறோம்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நல்ல மனிதர்கள்தான். யூலித்தாவுக்காக ஜெபம் செய்யச் சொன்னால் அங்கேயே மண்டி போட்டிருப்பார்கள். புல்லை மட்டும் தொட மாட்டார்கள். பெர்பெத்துவாவுக்கு எல்லார் தலையையும் பிடித்து ஒன்றோடொன்று மோதவேண்டும் போல இருந்தது. தியோமினைப் போகச் சொல்ல முடியாது. மச்சினன் எதிரில் நின்று இவன் தரையையும் அவன் மரத்தையும் பார்த்துப் பேசி முடிப்பதற்குள் பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும். அவள் நூல்பையின் வாரை நெற்றியில் மாட்டி, பையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

வழி முழுக்கச் சேறு. வேருக்கு வேர் தாவித்தான் நடக்க வேண்டும். மழை நின்றாலும் மரம் சொட்டிக்கொண்டிருந்தது. அட்டைகளை உருவிப் போட நின்றால் நேரமாகும் என்று அப்படியே விட்டுக்கொண்டு நடந்தாள். கல்லைத் தாண்டும்போது அதன் தலையில் ஒரு அடி போட்டாள். கை வலித்ததுதான் மிச்சம்.

கல்லுக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில், ஓடைக்கரையில், கொனாங் வெட்டிச் சாய்த்த சாகோப் பனையின் மேல் கவட்டையாக உட்கார்ந்து அதன் உள்சோற்றை உளியால் கொத்திக்கொண்டிருந்தான். பனையின் உள்சோறு தூளாகி அவன் கால், மார்பு, மீசை எல்லாம் அப்பியிருந்தது. அவன் பெண்டாட்டி யோசினா கீழே பனை மட்டைத் தொட்டியில் அந்தத் தூளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மிதித்துப் பிழிந்துகொண்டிருந்தாள். வெள்ளைத் தண்ணீர் ஓடி அடித்தொட்டியில் மாவு இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, வா வா," என்றான் கொனாங். முகத்தில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை அவனுக்கு. "யோசினா, அக்காவுக்கு நூடுல்ஸ் போடு. இந்த நாட்டு நூடுல்ஸ் தின்னு பாரு அக்கா. பட்டாளத்துக்காரங்க குடுக்கறாங்க. அவங்க முகாம்ல எல்லாம் லைட்டு எரியுது. ரோடு வேற போடப்போறாங்களாம்."

"நூடுல்ஸ் திங்கவா அட்டைக்கெல்லாம் ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கேன்? எழுந்திருடா. யூலித்தாவுக்கு வலி வந்திருச்சு."

"நல்ல விஷயம்தானே."

"பிள்ளை குறுக்க கெடக்குது. பிளேன் வந்தாத்தான் உசிரு. பிளேன் எறங்க உன் புல்லு விடல."

கொனாங் உளியைக் கீழே வைத்தான். யோசினா மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

"சிரிலஸ் பாத்தானா?"

"அவன்தான் சொன்னான்."

"அவன் போன தடவை மாத்தியாஸுக்கு மலேரியான்னான், கடைசியில அது வாழைப்பழம் தின்ன வயித்துவலி."

"வந்து நீயே தடவிப் பாரு, வா."

கொனாங் மரத்தைவிட்டு இறங்கினான். இறங்கியவன் கிளம்பவில்லை. ஓடையில் கையைக் கழுவினான், முகத்தைக் கழுவினான், மறுபடி வந்து அதே மரத்தில் உட்கார்ந்தான். பெர்பெத்துவாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த உட்காரும் விதம் அவர்கள் அப்பாவுடையது.

"மச்சானை வரச் சொல்லு," என்றான். "வந்து, தப்பு நடந்துபோச்சு, வான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. நான் ஓடியே வர்றேன்."

"அவர் எப்படிடா வருவாரு? ரேடியோவை யார் பாக்கறது? மகளை யார் பாக்கறது? அவர் வந்து போறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்."

"அப்ப அவருக்கு நான் முக்கியமில்ல."

"உன் முக்கியத்தை அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்கு மத்தியானம் தாண்டினா மகள் இருக்க மாட்டாடா."

"எனக்கு மட்டும் வயிறு எரியலையா? நான் தூக்கி வளத்த பொண்ணு. அவ கல்யாணத்துல எனக்கு விலா எலும்பு. ஊரே பாத்துச்சு. தொடை யாருக்குப் போச்சு, சொல்லு."

"பைலட்டுக்கு."

"பைலட் தின்னானா?"

அந்தப் பைலட் கறியே சாப்பிடாத ஆள் என்பதும், தொடையைக் கொண்டுபோய் டவுனில் விமானம் கழுவுகிறவனிடம் கொடுத்துவிட்டான் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. இரண்டு நாட்டுக்கும் தெரிந்தது.

"திங்காதவனுக்குக் குடுத்தீங்க," என்றான் கொனாங். "சரி, குடுத்தாச்சு. பங்குன்னா பங்கு. கறிப்பங்கை வாங்கினவன் புல்லுப்பங்கையும் வாங்கிக்கட்டும். பைலட்டே எறங்கி வெட்டட்டும்."

"எறங்கத்தானடா முடியல."

யோசினா தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "இதைத்தான் அண்ணி, நானும் தெனம் கேக்கறேன். ராத்திரி தூக்கத்துல கூடத் தொடை தொடைன்னு பொலம்பறாரு. எந்தத் தொடையோன்னு எங்கம்மா சந்தேகப்படறாங்க."

"நீ மாவைப் பிழி," என்றான் கொனாங்.

"பிழிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தப் பொண்ணு உங்களை மாமா மாமான்னு கூப்பிட்டுக்கிட்டு வந்து எங்க மாவைத் திருடித் தின்னவ. கிளம்புங்க, போய்ட்டு வந்து கோவத்தைத் தொடருங்க."

"இதெல்லாம் உனக்குப் புரியாது. இன்னிக்குக் கூப்பிட்ட உடனே ஓடுனா, நாளைக்கு என் பசங்களுக்கு வாலைக் குடுப்பாங்க. எதுக்கும் ஒரு இது வேணும்ல."

"வெட்டிக்கங்கன்னு ஒரு வார்த்தையாவது சொல்லு," என்றாள் பெர்பெத்துவா. "மாத்தியாஸ் ஆளுங்க வெட்டிடுவாங்க. நீ வரவே வேணாம்."

"மாத்தியாஸ் கத்தி என் மண்ணுல விழறதா? அப்பா எழுந்து வந்து அறைவாரு."

அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மீசையில் மாவு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கண் கலங்கித்தான் இருந்தது. மருமகளுக்காக உயிரையும் கொடுப்பான், சந்தேகமில்லை. உயிரை யாரும் கேட்கவில்லை, புல்லைத்தான் கேட்கிறார்கள். இந்த ஆண்பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொண்டு, கூடப்பிறந்து என்ன சுகத்தைக் கண்டோம் என்று அவளுக்கு ஒரேயடியாகச் சலித்துப் போயிற்று.

"சரி, நான் வெட்டிக்கறேன்," என்றாள்.

கொனாங் சிரித்தான். "நீயா? பொம்பளை எங்க தளத்துல வெட்டியிருக்கா?"

"தோட்டத்துல வெட்டறது யாரு, உன் பட்டாளத்துக்காரனா?"

"அதுக்கில்ல அக்கா." சிரிப்பு மெதுவாக நின்றது. "நீ வெட்டினா, அது உன் பசங்க வெட்டின மாதிரி ஆயிடும். மண்ணு அவனுங்களுக்குன்னு ஆயிடும், தெரியும்ல?"

"ஆகட்டும்."

"வெளையாடாத அக்கா."

"வெளையாட்டெல்லாம் உங்களுக்கு. எனக்கு ஏது நேரம்," என்று அவள் திரும்பி நடந்தாள். பின்னால் யோசினா ஏதோ கத்துவதும், கொனாங் பதிலுக்குக் கத்துவதும் ஓடைச் சத்தத்தில் கலந்து போயிற்று. கல்லின் அருகே நின்று, ஆத்திரம் தீரக் கத்தியைத் தீட்டிக்கொண்டாள்.

ஊருக்கு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வீட்டில் எட்டிப் பார்த்தாள். யூலித்தா, "மாமா வந்தாரா?" என்று கேட்டாள். "வருவான், வருவான்," என்று சொல்லிவிட்டு, தியோமினின் சாரிப்பை எடுத்துக்கொண்டாள். சாரிப் என்பது நுனி வளைந்த நீளத் தகடு. நின்ற வாக்கில் வீசினால் புல் அடியோடு படுக்கும். அவளுடைய இரண்டு மகன்களும் ஆளுக்கொரு கத்தியோடு பின்னால் வந்தார்கள்.

"நீங்க தொடாதீங்க. தொட்டா அம்பு வரும். கொட்டகையில போய் உக்காருங்க."

"நீ மட்டும் எப்படிம்மா?"

"நான் அந்த வீட்டுல பொறந்தவ. என்னைக் கேக்க யாரு இருக்கா? போங்க."

ஓடைப்பக்கத்து ஓரத்திலிருந்து தொடங்கினாள். ஈரப் புல் தகட்டில் சுற்றிக்கொண்டு வழுக்கியது. இடுப்பைத் திருப்பி வீசும் வீச்சு அவளுக்குப் பழக்கமில்லை. தோட்டத்தில் குனிந்து அறுப்பது வேறு. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. நிமிர்ந்து பார்த்தால், வெட்டியது ஒரு குடிசைத் தரை அளவு கூட இல்லை. மிச்சம் பூ விட்ட புல் அந்தப் பக்கம் வரைக்கும் நின்றது. முடிக்கப் போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அழுதுகொண்டே வீசினாள். அழுகை மகளுக்காகவா கொப்புளத்துக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குப் பொழுதில்லை.

கொட்டகையில் ஆண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பெர்பெத்துவா, நடுப்பங்கில், சாரிப்போடு. யாருக்கும் பாக்கை மெல்லத் தோன்றவில்லை.

"தாயி," என்று மாத்தியாஸ் தன் எல்லையில் நின்றே குரல் கொடுத்தான். "அப்ப நடுப்பங்கு உன் மகன்களுக்குன்னு ஆயிடுச்சா?"

அவள் நிமிர்ந்தாள். இந்தக் கேள்வியை மாத்தியாஸ் கேட்டால் ஊரே கேட்ட மாதிரி. காட்டு வழியில் இருக்கிற ஒவ்வொரு சாகோக் குடிசைக்கும் கேட்ட மாதிரி. அதுவரைக்கும் அவள் கோபத்தில்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த நொடியில்தான் அவளுக்கு இந்த ஆண்பிள்ளைகளின் மூக்கணாங்கயிறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

"ஆமா, ஆயிடுச்சு," என்று உரக்கச் சொன்னாள். "பொழுது சாயறதுக்குள்ள மொத்தமும் எங்களுதுதான். போய் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க."

சொல்வதற்கு ஆள் போனான். ஆனால் அவன் பாதி வழி கூடப் போயிருக்க மாட்டான். காட்டு விளிம்பில் மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. கொனாங்கும் அவனுடைய இரண்டு மகன்களும், மாவு அப்பிய உடம்போடு, மூச்சிரைக்க வந்து நின்றார்கள். அக்கா கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அவர்களும் கிளம்பிவிட்டார்கள் என்பது கணக்குப் போட்டால் தெரிகிற விஷயம். கணக்கு யாரும் போடவில்லை.

கொனாங் ஒருவரையும் பார்க்கவில்லை. அக்கா வெட்டிக்கொண்டிருந்த ஓரத்துக்கு நேர் எதிர் ஓரத்தில் இறங்கினான். "வெட்டுங்கடா," என்றான் மகன்களிடம். "நம்ம மண்ணு."

மூன்று சாரிப்புகள் ஒன்றாக வீசத் தொடங்கின. சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கூட அப்படி வெட்டியிருக்க மாட்டார்கள். புல் வரிசை வரிசையாகச் சாய்ந்தது. தவளைகளும் வெட்டுக்கிளிகளும் தெறித்து ஓடின. மழை பிடித்தது, அவர்கள் நிற்கவில்லை. பெர்பெத்துவாவும் நிற்கவில்லை. நின்றால் அவன் நின்றுவிடுவானோ என்று பயம். கடைசியில் தம்பியும் அவன் மகன்களும் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கமாக, நடுவில் சில அடி புல்லை வைத்துக்கொண்டு நேருக்கு நேர் வந்து சேர்ந்தார்கள்.

"நகரு அக்கா, கால்ல பட்டுரும்," என்றான் கொனாங்.

"நகர மாட்டேன். நீ அந்தப் பக்கம் வெட்டு."

"போதும், அதான் வந்துட்டேன்ல."

"உன்னை யார் கூப்பிட்டா? நீ வேற நாட்டுக்காரன்."

கொனாங் அவள் கையைப் பார்த்தான். தகட்டின் பிடி சிவந்திருந்தது. அவளைச் சுற்றி மிச்சத்தை வெட்டி முடித்தான். பிறகு சேற்றுக் காலோடு யூலித்தாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தான். வாசலில் தியோமின் நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தியோமின் கூரையிடம், "நல்லாத்தான் வெட்டியிருக்காங்க," என்றான். கொனாங் தரையிடம், "பின்ன," என்றான்.

காலையில் மூடுபனி விலகுகிற வரைக்கும் எல்லாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விமானம் ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று சுற்றியது, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு இறங்கியது. யூலித்தாவைக் கட்டிலோடு தூக்கிவந்தவர்களில் தலைப்பக்கம் பிடித்தவன் கொனாங். பைலட் அவனைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டினான். கொனாங் கட்டிலைப் பிடித்திருப்பதால் கை கொடுக்க முடியாதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். கூட ஒருவருக்குத்தான் இடம். பெர்பெத்துவா ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. யூலித்தாவுக்குக் காய்ச்சல் வந்து, விட்டு, திரும்ப வந்து, ஒருவழியாக எழுந்து உட்கார்ந்தாள். டவுன் ஆஸ்பத்திரிச் சோற்றையும் டின் மீனையும் தின்று தின்று பெர்பெத்துவாவுக்கு வாய் செத்துப் போயிருந்த ஒரு நாளில், அதே விமானத்தில் மூன்று பேராகத் திரும்பினார்கள்.

யம்ரோப் மேலே வந்ததும் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். காட்டுக்கு நடுவே தளம் மழித்த தாடை போலத் தெரிந்தது. நடுவில், ஓடைப்பக்கத்து ஓரத்தில் மட்டும், ஒரு சதுரம் பச்சையாகப் புல் நின்றது.

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "மறுபடி ஆரம்பிச்சிட்டான்," என்றாள்.

"ஓரமாத்தான் இருக்கு," என்றான் பைலட். "சக்கரம் அங்க போகாது. ஆனா சொல்லி வைங்க."

"சொல்றேன், சொல்றேன்."

கதவு திறந்ததும் பேத்தியை நூல்பையில் போட்டு முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, வரவேற்க வந்தவர்களை விலக்கி, நேராக நடந்தாள். கொனாங் அந்தச் சதுரத்தின் பக்கத்தில்தான் நின்றான். மகன்களும் நின்றார்கள்.

"என்னடா இது? இப்ப யாரு உனக்கு விலாவைக் குடுத்தா?"

"என் பங்கை வெட்டியாச்சு அக்கா. இது என் பங்கு இல்ல."

"உன்னோடது இல்லாம யாரோடது?"

அவன் மோவாயால் அவள் முதுகுப் பக்கம் காட்டினான்.

அப்போதுதான் கவனித்தாள். சதுரத்தின் நான்கு மூலையிலும் சிவப்பு இலைச் செடி நட்டிருந்தது. புது மண் அணைத்து, வேர் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அந்தச் செடியை இங்கே யாரும் அழகுக்கு நடுவதில்லை. நட்டவன் மண்ணைக் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம், அவன் பிள்ளைகளும் திருப்பிக் கேட்க முடியாது. அப்பன் மகனுக்கு நடுவான், அண்ணன் தம்பிக்கு நடுவான். பெண்ணுக்கு நட்டு அவள் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவள் அழுதுகொண்டே வெட்டிய அளவு எதுவோ, அதே அளவு. கோணல் கூட அதே கோணல்.

"பசங்களை வச்சுக்கிட்டுத்தான் நட்டேன்," என்றான் கொனாங். "பின்னால யாரும் பேச முடியாது."

பெர்பெத்துவா குனிந்து ஒரு செடியின் இலையைத் தொட்டாள். தொட்டதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே சத்தம் போட்டாள். "கண்ணே சரியாத் தெறக்கலடா அவளுக்கு. அவ வந்து எப்படி வெட்டுவா?"

"அவ வளர்ற வரைக்கும் நீ வெட்டு," என்று கொனாங் தயாராக வைத்திருந்த சாரிப்பை நீட்டினான். "பைலட் கெளம்பணும்ல, சீக்கிரம்."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து எறங்கி ஒரு வாய் தண்ணி குடிக்கல நான்."

"பங்குன்னா பங்கு அக்கா."

அவள் நூல்பையைக் கழற்றி, பேத்தியோடு அப்படியே தம்பியின் கழுத்தில் மாட்டினாள். பிள்ளை போட்ட நூல்பையை ஆண்பிள்ளை சுமக்கிற வழக்கம் அங்கே கிடையாது. கொனாங் அசையாமல் நின்றான். ஊர் பார்த்துக்கொண்டிருக்க, பெர்பெத்துவா அவனையும் அவன் அப்பாவையும் தன் புருஷனையும் பைலட்டையும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே, தன் பேத்தியின் புல்லை வெட்டத் தொடங்கினாள்.